ஏ.சி.யில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள்

கோடை பிறந்தால் தில்லியில் நம்மவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், மூணு ஸ்டார் போதுமா, அஞ்சு ஸ்டார் வாங்கலாமா?" ரயில்வேயில் ஏ.சி. பெட்டிகளோடு மல்லுக்கட்டியவன் என்பதால் கேட்கிறார்கள். பதில் நட்சத்திரத்தில் இல்லை. அதே சீட்டில் சிறிய எழுத்தில் இருக்கிறது.

முதலில் டன். இது எடையன்று. சுமார் 907 கிலோ பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கும் வெப்பத்தை, அதே வேகத்தில் அறையிலிருந்து வெளியேற்றும் திறனே 1 டன், ஏறக்குறைய 3.5 கிலோவாட். ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை, கிணற்றில் நீர் இறைப்பதுபோல வெப்பத்தை வெளியே இறைக்கிறது. ஆகவே 1 யூனிட் மின்சாரத்தில் 4, 5 யூனிட் வெப்பத்தை வெளியேற்றுவதில் மாயம் ஒன்றுமில்லை. ஓராண்டில் வெளியேற்றும் மொத்த வெப்பத்தைச் செலவான மின்சாரத்தால் வகுத்தால் வருவதே ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண். வெளி வெப்பநிலை 24 முதல் 43 டிகிரி வரை, ஆண்டுக்கு 1600 மணி நேர ஓட்டம் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள்.

இந்த எண்ணை வைத்துத்தான் மத்திய அரசின் பி.இ.இ. அமைப்பு நட்சத்திரம் வழங்குகிறது. ஆனால் படிகள் மாறிக்கொண்டே இருக்கும். 2018-ல் 4.50 இருந்தால் 5 ஸ்டார். 2022 ஜூலை முதல் 5.00 வேண்டியதாயிற்று. நேற்றைய 5 ஸ்டார் மறுநாள் 4 ஸ்டார் ஆனது! தள்ளுபடி என்று கடைக்காரர் பழைய சரக்கைக் காட்டினால், சீட்டில் போட்டிருக்கும் காலத்தைப் பாருங்கள். எண்ணோடு எண்ணை ஒப்பிடுங்கள்.

இனி பணக் கணக்கு. ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதும் சீட்டில் இருக்கும். ஒன்றில் 950, இன்னொன்றில் 750 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 200 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்றால் 1400 ரூபாய். விலை 7000 ரூபாய் கூடுதல் என்றால் 5 ஆண்டில் திரும்பிவிடும். இது 1600 மணி நேரத்துக்கு. தில்லியில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரவெல்லாம் ஓட்டும் வீட்டுக்குப் பொருந்தும். பெங்களூரில் என் மகன் வீட்டில் 400 மணி ஓடினாலே அதிகம். அங்கே அதே பணம் திரும்ப 20 ஆண்டு ஆகும். மூணு ஸ்டார் போதும் என்றேன். மருமகளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மூன்று வருடத்துக்கொருமுறை மாற்றலாகும் வாடகை வீட்டுக்காரர்கள், கழற்றி மாட்டும் கூலியையும், வாயு கசிந்தால் நிரப்பும் செலவையும் சேர்த்துக்கொள்ளவும்.

எத்தனை ஸ்டார் ஆனாலும் வடிகட்டியில் தூசி அடைத்தால் காற்றோட்டம் குறைந்து, மின்சாரம் வீணாகும். இரண்டு வாரத்துக்கொருமுறை கழற்றிக் குழாயடியில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். அதற்கு மெக்கானிக் வேண்டாம்.