பாடம் 6: காலி இருக்கையின் செய்தி

மாணவர்களே! தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஹைதராபாத்திலிருந்து சொந்த ஊர் செல்ல உங்கள் பெற்றோர் பேருந்தில் இடம் தேடுவதைக் கண்டிருப்பீர்கள். இன்று கைப்பேசித் திரையிலேயே பேருந்தின் உட்புற வரைபடம் தோன்றுகிறது. காலி இருக்கை எது, நிரம்பியது எது என்பது நொடியில் விளங்குகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன்னர் இச்செய்தி யாரிடம் இருந்தது?

அக்காலத்தில் தனியார் பேருந்துகளின் இருக்கைகள் முகவர்கள் வழியாகவே பெரிதும் விற்கப்பட்டன. லக்டிகாபூலில் உள்ள ஒரு முகவரை நாடினால், அவர் பேருந்து உரிமையாளரின் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைப்பார். அங்கிருப்பவர் இருக்கைகள் வரையப்பட்ட தாளில் பயணியின் பெயரைக் குறித்துக்கொள்வார். இணைப்புக் கிடைக்காவிடில் சீட்டும் கிடைக்காது. முகவர் ‘இடமில்லை’ என்று கூறினால், அவர் அறிந்த சில பேருந்துகளில் இடமில்லை என்பதே பொருள். அதே இரவில் அடுத்த தெருவிலிருந்து வேறொரு பேருந்து காலி இருக்கைகளுடன் புறப்பட்டிருக்கும்! விற்காத துணியை வணிகர் மறுநாள் விற்கலாம். புறப்பட்டுவிட்ட பேருந்தின் இருக்கையை எவரும் விற்க இயலாது.

2005ஆம் ஆண்டு தீபாவளியின்போது பெங்களூரில் பணியாற்றிய பனீந்திர சாமா என்னும் பொறியாளர், ஹைதராபாத் வரச் சீட்டுக் கிடைக்காமல் தவித்தார். முகவர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விடை கூறக் காரணம் என்ன என்று அவர் ஆராய்ந்தார். பிலானியில் தம்முடன் பயின்ற சுதாகர் பசுபுனூரி, சரண் பத்மராஜு ஆகியோருடன் சேர்ந்து ஒரு மென்பொருளை உருவாக்கினார். ஆயினும் பேருந்து உரிமையாளர்கள் அதனை ஏற்கத் தயங்கினர். பல்லாண்டுப் பழக்கமுள்ள முகவர்களை விட்டுவிட்டு முன்பின் அறியாத இளைஞர்களை எவ்வாறு நம்புவது? அத்தயக்கம் இயல்பானதே. எனவே நண்பர்கள் தாமே சில இருக்கைகளைப் பெற்று, இணையவழி விற்றுக் காட்டினர். 2006இல் ‘ரெட்பஸ்’ இவ்வாறு தோன்றியது.

நம்பிக்கை வளர்ந்த பின்னர், உரிமையாளர்கள் தம் இருக்கைக் கணக்கையே கணினியில் பராமரிக்க ஒரு மென்பொருளையும், முகவர்கள் பல நிறுவனங்களின் இருக்கைகளை ஒரே இடத்தில் காண மற்றொன்றையும் அந்நிறுவனம் வழங்கியது. சிதறிக் கிடந்த தாள்களின் செய்தி ஓரிடத்தில் திரண்டது. சொந்தமாக ஒரு பேருந்தும் இன்றி, பேருந்துப் பயணச்சீட்டு விற்பனையில் அது முந்தி நின்றது. 2013இல் ஐபிபோ குழுமம் அதனை வாங்கியது.

நம் இரட்டை நகரத்திற்கு இத்தகைய முயற்சி புதிதன்று. எந்த நகரத்திலிருந்தும் வேறெந்த ஊர்களுக்கிடையேயும் தொடர்வண்டிச் சீட்டு எடுக்க உதவும் ‘கான்சர்ட்’ மென்பொருளை இந்திய ரயில்வே 1994இல் முதன்முதலாகச் செகந்திராபாத்தில்தான் நிறுவியது. 1999இல் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒன்றாக இணைக்கப்பட்டன.

செய்தியைத் திரட்டியவர் அதனை எவ்வாறு காட்டுகிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1960களில் ‘சேபர்’ என்னும் கணினி முன்பதிவு முறையை ஏற்படுத்தியது. 1976 முதல் பயண முகவர்களிடமும் அதன் திரைகள் வைக்கப்பட்டன. அத்திரையில் அந்நிறுவனத்தின் விமானங்களே முன்வரிசையில் தோன்றின; முகவர்களும் மேல்வரிகளில் இருந்தவற்றையே மிகுதியாக விற்றனர். போட்டியாளர்கள் முறையிட்டனர். 1984இல் அமெரிக்க அரசு அவ்வழக்கத்தைத் தடுத்து விதி வகுத்தது. இன்று நம் கைப்பேசியிலும் ஏதேனும் ஒரு பேருந்து முதலில் தோன்றுகிறது. அது ஏன் முதலில் நிற்கிறது என்று நாம் கேட்பதில்லை.

சொற்பொருள்
முகவர் – பிறர் சார்பில் விற்பவர்
திரட்டுதல் – ஒன்றுசேர்த்தல்
முறையிடுதல் – குறையை எடுத்துரைத்தல்

விடை எழுதுக
1. முகவர் கூறும் ‘இடமில்லை’ என்பதன் உண்மைப் பொருள் யாது?
2. பேருந்து உரிமையாளர்கள் தயங்கியது ஏன்? அவர்களுள் ஒருவராக உங்களைக் கருதி ஐந்து வரிகள் எழுதுக.
3. உங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள கடைக்காரர் எப்பொருள் எந்நாளில் மிகுதியாக விற்கும் என்பதை எவ்வாறு அறிகிறார்? அவரிடம் கேட்டு, தமிழில் எழுதி வருக.