கீழாநெல்லியும் மஞ்சள் காமாலையும்

கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கீழாநெல்லியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. லயத்துக்குப் பின்னால், கால்வாய் ஓரத்தில் தானாகவே முளைத்துக் கிடக்கும். இலைகளின் கீழ்ப்புறம் குட்டி நெல்லிக்காய்கள் வரிசையாக இருப்பதால் நமக்கு அது கீழாநெல்லி. மலாய்க்காரர்களோ பிள்ளையைச் சுமப்பது என்னும் பொருளில் 'டுக்கோங் அனாக்' என்கிறார்கள்.

புக்கிட் ரோத்தான் பக்கத்தில் நாங்கள் தோட்டத்தில் இருந்தபோது என் தம்பிக்குக் காமாலை கண்டது. பாட்டி அச்செடியை வேரோடு பிடுங்கி, அம்மியில் அரைத்து, மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுத்தார். மூன்றே வாரத்தில் தம்பி பந்து விளையாடப் போய்விட்டான். பல ஆண்டுகள் கழித்துப் பெரியப்பாவுக்குக் கண் மஞ்சளானது. அதே மருந்தையே மாதக்கணக்கில் கொடுத்தோம். வயிறு வீங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். ஹெப்படைட்டிஸ் பி கிருமியால் ஈரல் சுருங்கிவிட்டது என்றார்கள். அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

ஒரே மருந்து ஒருவருக்குப் பலித்து, இன்னொருவருக்குப் பலிக்காமல் போனது ஏன்?

காமாலை தனி நோயன்று, நோயின் அடையாளம். பித்தநிறமி இரத்தத்தில் தேங்கும்போது கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். தம்பிக்கு வந்தது அதுவாக இருக்கலாம். ஹெப்படைட்டிஸ் பி சிலர் உடலில் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றித் தங்கி ஈரலை அரிக்கும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சல், பித்தக்கல், மது ஆகியவற்றாலும் காமாலை வரும். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு.

கீழாநெல்லியை விஞ்ஞானம் புறக்கணிக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் தியாகராஜன் குழுவினர் 1988இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஹெப்படைட்டிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேருக்கு 30 நாட்கள் கீழாநெல்லித் தூள் கொடுத்ததில், 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே வியந்தது. ஆனால் 1990இல் தாய்லாந்து ஆய்வில் அப்பலன் கிட்டவில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2011ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும் போதிய சான்று இல்லை என்றே முடித்தது.

மூலிகையைப் பழிப்பது என் நோக்கமன்று. பாட்டியின் அன்பும் பொய்யன்று. செடியை அரைக்கும் முன் நோய் எதுவென்று அறிய வேண்டும் என்பதே நான் பெற்ற பாடம்.

நம் நாட்டில் 1989 முதல் குழந்தைகளுக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த நம்மில் பலர் அதைப் பெற்றிருக்க மாட்டோம். ஒருமுறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கிருமி இருந்தாலும் அதை அடக்கி வைக்க இன்று மாத்திரைகள் உள்ளன. கண் மஞ்சளானால் அன்றே கிளினிக்குக்குச் செல்லுங்கள்; மூலிகை சாப்பிட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். என் பெரியப்பாவுக்கு நாங்கள் செய்யத் தவறியது உங்கள் வீட்டில் நேர வேண்டாம்.