மெஷினுக்குப் பேர் வைக்கும்போது

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமா எழுதுவது. கோவை சரவணம்பட்டியிலேயே சிஸ்டம் அட்மின் வேலை கிடைத்துவிட்டதென்று உங்கம்மா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். திங்கட்கிழமை முதல் புது லேபில் நாற்பது மெஷினுக்கு ஓஎஸ் போட வேண்டும் என்று எழுதியிருந்தாய். பார்ட்டிஷன், டிரைவர் பற்றியெல்லாம் கேட்டிருக்கிறாய். அதில் தப்பு நடந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும், திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நீ கேட்காத ஒன்றைத்தான் சொல்ல நினைக்கிறேன். இன்ஸ்டலேஷன் நடுவில் ஹோஸ்ட்நேம் என்ன என்று ஒரு கேள்வி வருமே, அது. அங்கே அசட்டையாக இருந்தால் ஆறு மாதம் கழித்து வேறு யாரோ ஒருத்தர் தலையில் விடியும்.

டெபியன் இன்ஸ்டாலரில் கவனித்திருப்பாய். நெட்வொர்க் கார்டு தயாரானதும் ஒரு பெட்டி வரும். அதில் 'டெபியன்' என்று முன்கூட்டியே நிரப்பி வைத்திருக்கும். எண்டர் தட்டினால் அடுத்த கட்டம். நாற்பதிலும் எண்டர் தட்டினால் நாற்பதும் டெபியன்தான். விண்டோஸில் விட்டுவிட்டால் 'டெஸ்க்டாப்' என்று போட்டு, ஒரு கோடு, அதன்பின் ஏழு எழுத்தும் எண்ணுமாகக் கலந்து தானே ஒரு பேர் வைத்துக்கொள்ளும். ஒன்றுபோல் இன்னொன்று வராதுதான். ஆனால் மூன்றாவது வரிசையின் கடைசி மெஷின் அதுதான் என்று யாருக்குத் தெரியும்?

முன்பு நான் இருந்த ஓர் ஆபீசில் ஒரு ராத்திரி, ஏதோ ஒரு மெஷினில் வைரஸ் புகுந்து வெளியே டேட்டா அனுப்பிக்கொண்டிருப்பதாக ஃபயர்வால் காட்டியது. எது என்று பார்க்க ரவுட்டரில் டிஹெச்சிபி லிஸ்ட்டைத் திறந்தோம். 'யூசர்-பிசி', 'யூசர்-பிசி', 'யூசர்-பிசி' என்று வரிவரியாக ஒரே பேர். பக்கத்தில் மேக் அட்ரஸ் மட்டும் வேறுவேறு. இரண்டு மாடியிலும் ஒவ்வொரு மேசையாகப் போய், ஓடிக்கொண்டிருந்த மெஷின்களின் மேக் அட்ரஸை ஒத்துப்பார்த்தோம். கிடைப்பதற்குள் சத்தி ரோட்டில் முதல் பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது.

இது இணையத்தை விடப் பழைய தலைவலி. இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் காலத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களின் பேரையும் கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு ஒரே ஃபைலில் பராமரித்தது. புதுப் பேர் வேண்டுமென்றால் அவர்களிடம் பதிய வேண்டும். மெஷின்கள் பெருகப் பெருக அது கட்டுப்படியாகாமல், 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் முறையை உருவாக்கினார். ஆர்எஃப்சி என்ற இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் 1990இல் வந்த 1178ஆம் எண், கம்ப்யூட்டருக்குப் பேர் வைப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. சில பக்கங்கள்தான். அவசியம் படி.

ஆளின் பேரை மெஷினுக்கு வைக்காதே. பிராஜெக்ட் பேரும் வேண்டாம். ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார், பிராஜெக்ட் முடிந்துவிடும், மெஷின் மட்டும் அங்கேயே கிடக்கும். நம் பக்கத்துத் தோட்டங்களின் பேரைப் பார்: மேட்டுத்தோட்டம், கிணத்துத்தோட்டம், புளியமரத்துத்தோட்டம். எத்தனை கைமாறினாலும் ஊர் அந்தப் பேரிலேயேதான் வழி சொல்கிறது. லேப் மெஷின்களுக்கும் இடத்தையும் எண்ணையும் வைத்தே பேர் வை: லேப் எண், வரிசை, இருக்கை. 1, 2 என்று எழுதாமல் 01, 02 என்று எழுது, லிஸ்ட்டில் வரிசை குலையாது. எழுத்து, எண், நடுவில் சிறு கோடு, இவை மட்டும்தான் செல்லும். அண்டர்ஸ்கோரும் இடைவெளியும் கூடாது. கோட்டில் தொடங்கவோ முடியவோ கூடாது.

நீளத்தைக் கவனி. டிஎன்எஸ்ஸில் ஒரு பேருக்கு 63 எழுத்து வரை இடமுண்டு. ஆனால் விண்டோஸின் பழைய நெட்பயாஸ் முறைக்கு 15தான். உனக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஆங்கிலத்தில் சரவணம்பட்டிக்கு 14 எழுத்து. பின்னால் ஒரு கோடு போட்டால் 15 முடிந்தது. 'சரவணம்பட்டி-01', 'சரவணம்பட்டி-02' என்று ஆசையாக வைத்தால் எண்ணெல்லாம் வெட்டுப்பட்டு, நெட்பயாஸ் கண்ணுக்கு நாற்பதும் ஒரே மெஷின். ரயில்வே கோவைக்கு வைத்திருக்கும் சிபிஇ என்ற மூன்றெழுத்தே போதும்.

சர்வர் நாலைந்துதான் இருக்கும். அதற்கு ஆற்றுப் பேர் வைக்க ஆசை என்று எழுதியிருந்தாய். தாராளமாக வை. ஆனால் ஆங்கிலத்தில் ஒரே விதமாக எழுதும் பேராக எடு. நொய்யல், சிறுவாணி சரி. ஆழியாறு வேண்டாம். அந்த 'ழ'வை ஆளுக்கொரு மாதிரி எழுதி, லாகின் ஆகவில்லை என்று உனக்குத்தான் போன் வரும். 'டெஸ்ட்', 'பேக்கப்' மாதிரி தினமும் வாயில் வரும் சொல்லும் ஆகாது. 'பேக்கப் போச்சு' என்று யாராவது சொன்னால் எது போச்சென்று தெரியாமல் எல்லோரும் பதறுவார்கள்.

அடுத்தது க்ளோன். ஒரு மெஷினில் எல்லாம் போட்டு அதை மற்றதுக்கெல்லாம் காப்பி எடுக்கப்போகிறாய் என்றுதான் நினைக்கிறேன். நாற்பதென்றால் வேறு வழியில்லை. ஆனால் ஹோஸ்ட்நேம் நமக்காக. மெஷின் தன்னை அடையாளம் காட்ட உள்ளே வேறொன்று வைத்திருக்கிறது. லினக்ஸில் ஈடிசி ஃபோல்டருக்குள் மெஷின்-ஐடி என்று ஒரு ஃபைல், அதில் 32 எழுத்தில் ஒரே ஒரு வரி. க்ளோன் எடுத்தால் அதுவும் அப்படியே போய்விடும். உபுண்டு சர்வரை அப்படிக் காப்பி எடுத்து விர்ச்சுவல் மெஷின்களாகப் போட்டால், பேரை மாற்றினாலும் டிஹெச்சிபி எல்லாவற்றுக்கும் ஒரே ஐபியைக் கொடுக்கும், ஏனென்றால் அந்த ஐடியிலிருந்து வருவதைத்தான் அது பார்க்கிறது. மேக் அட்ரஸ் வேறாக இருக்கிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். காப்பி எடுக்கும் முன் அந்த ஃபைலைக் காலி செய்துவிடு. ஃபைல் இருக்கட்டும், உள்ளே ஒன்றும் இருக்க வேண்டாம். அடுத்த பூட்டில் புதிதாக எழுதிக்கொள்ளும். டீபஸ் ஃபோல்டரில் தனி நகல் இருந்தால் அதையும் எடுத்துவிடு, இல்லாவிட்டால் அதைப் பார்த்துப் பழையதையே திரும்ப எழுதிவிடும். எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் கீகளையும் ஒவ்வொன்றிலும் புதிதாக உருவாக்கு. எல்லாவற்றிலும் ஒரே கீ இருந்தால், ஒன்றிலிருந்து அதைத் திருடியவன் மற்றதாகவும் வேஷம் போடலாம். விண்டோஸுக்கு சிஸ்பிரெப்பில் ஜெனரலைஸ் கொடுத்த பிறகே இமேஜ் எடு.

அப்புறம் டெபியன், உபுண்டுவில் பேரை மாற்றும்போது ஹோஸ்ட்ஸ் ஃபைலில் 127.0.1.1 வரியையும் மாற்று. மறந்தால் சுடோ அடிக்கும்போதெல்லாம் அந்தப் பேர் தெரியவில்லை என்று புலம்பும்.

உன் சொந்த லேப்டாப்புக்கு உன் பேரை வைத்திருக்கிறாய் என்றால் இன்றைக்கே மாற்று. காபி கடையோ ஹாஸ்டலோ, வைஃபையில் சேரும்போது லேப்டாப் அந்தப் பேரைச் சொல்லித்தான் ஐபி கேட்கும். அதே வைஃபையில் இருக்கிற முன்பின் தெரியாதவனுக்கும் உன் பேர் தெரிந்துவிடக்கூடும். இது ஆபத்தான பழக்கம் என்று 2017இல் ஓர் ஆர்எஃப்சியே வந்திருக்கிறது, எண் 8117. போனிலும் பார்த்துக்கொள்.

பேர் வைத்ததும் ஸ்டிக்கரை சிபியுவின் முன்பக்கம் ஒட்டு. மானிட்டரில் ஒட்டினால், ஒன்று ரிப்பேர் ஆகி வேறு மாற்றியதுமே கணக்கு தப்பிப்போகும். பேர், சீரியல் நம்பர், மேக் அட்ரஸ் மூன்றையும் ஒரு ஷீட்டில் எழுதிவை. பழைய மெஷினைக் கழித்த கையோடு அதன் பேரைப் புதிதுக்கு வைத்துவிடாதே. பழைய லாக் எது, புதிய லாக் எது என்று பிரிக்கவே முடியாது.

ஷீட்டை ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பு. பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன், அதன்பிறகு திங்கட்கிழமையன்று முதல் மெஷினில் பென்டிரைவைச் செருகு.

அன்புடன்,
மாமா