ஐப்பசிக்கு முன்: செல்லங்களின் மருந்துப் பெட்டியை இறக்கிப் பாருங்கள்

புரட்டாசி கழிவதற்குள் வீட்டில் முடிக்க வேண்டிய வேலைகள் நான்கைந்து எப்போதும் இருக்கும். மொட்டை மாடிக் குழாயில் அடைத்த சருகை எடுப்பது, இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் விடுவது, ஒழுகும் சன்ஷேடைப் பூசுவது. நாயோ பூனையோ இருக்கும் வீடுகளில் இந்த முறை இன்னொன்றும் சேரட்டும். அவற்றுக்கென்று எப்போதோ வாங்கி வைத்த முதலுதவிப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, பழைய செய்தித்தாளை விரித்து, உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிப் பார்க்க வேண்டும். அரை மணி நேர வேலைதான்.

அந்தப் பெட்டி ஒரு கோடையைத் தாண்டி வந்திருக்கிறது. அடுத்து வருவது மழை. வெளியே போக வழியில்லாத நாட்கள் தமிழ்நாட்டில் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களில்தான் வருகின்றன. 2015 டிசம்பரில் சென்னையும், 2018 நவம்பரில் கஜா அடித்த டெல்டாவும், 2023 டிசம்பரில் மிக்ஜாமின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் பார்த்தவை அந்த நாட்கள்: கரண்ட் கிடையாது, மருந்துக்கடை திறக்காது, வண்டி நகராது. தேரை வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதும் அப்போதுதான். வளையில் தண்ணீர் புகுந்தால் பாம்பு மேடு தேடி வரும், எலி சமையலறைக்கு வரும், பின்னாலேயே எலி மருந்தும் வரும். நடுவில் தீபாவளி வேறு.

முதலில் தேதி. அட்டையில் எக்ஸ்பயரி 10/2026 என்று இருந்தால் அந்த அக்டோபரின் கடைசி நாள் வரை என்று பொருள். ஆனால் அந்தத் தேதி எல்லா நிலைமைக்கும் செல்லாது. மூடி உடைக்காமல், அட்டையில் சொன்ன வெப்பத்துக்குள் வைத்திருந்தால் மட்டுமே கம்பெனி அதற்குப் பொறுப்பு. பல மருந்துகளின் அட்டையில் ‘30 டிகிரிக்குக் கீழே வைக்கவும்’ என்று இருக்கும், சிலவற்றில் 25. கத்திரி வெயிலில் வேலூரிலும் சென்னையிலும் வெளியே 40 டிகிரி தாண்டுகிறது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருக்கும் பரணைக் கேட்கவே வேண்டாம். நாயை ஏற்றிப் போகும் காரிலேயே பெட்டியை விட்டு வைப்பவர்கள் உண்டு. வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரி கூடிவிடும். ஃபிரிட்ஜின் தலையும் மருந்துக்கு நல்ல இடமில்லை, இயந்திரத்தின் சூடு மேலேறும்.

“தேதி முடிந்தாலும் மருந்து கெடாது, கம்பெனிக்காரன் வியாபாரத்துக்குப் போடுவது” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் கையிருப்பு மருந்துகளை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்து வருகிறது. அதன் முடிவுகள் 2006இல் வெளியானபோது, 122 வகை மருந்துகளில் சோதித்த தொகுதிகளில் 88 சதவீதம், தேதி தாண்டியும் சராசரியாக 66 மாதம் வரை தரம் குறையாமல் இருந்தது தெரியவந்தது. ஆனால் அவை குளிரும் ஈரப்பதமும் கணக்காகப் பராமரிக்கப்படும் கிடங்குகளில், உடைக்காத பெட்டிகளில் இருந்தவை. மாடிப்படிக்குக் கீழே கிடந்த பாட்டிலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் இன்னொன்று உண்டு. கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து நான்கு மாத்திரை தருவார், தேதி அச்சடித்த மூலை அவரிடமே தங்கிவிடும். ஆறு மாதம் கழித்து அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது என்ன மாத்திரை, எப்போது வாங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப் பெயரும் தேதியும் தெரியாத துண்டுகளை எல்லாம் இப்போதே ஒதுக்கிவிடுங்கள். இனி வாங்கும்போது, முழு அட்டையைக் கடையிலேயே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒதுக்க வேண்டியவற்றில் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளினும் இருக்கும். உண்ணிக் காய்ச்சலுக்குக் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் மருந்து அது. நாய் தேறியதும் மிச்சத்தை எடுத்து வைத்துவிடுவார்கள். அது டெட்ராசைக்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. பழசாகிச் சிதைந்த டெட்ராசைக்ளினைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை 1963இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். இன்றைய மாத்திரைகளின் தயாரிப்பு முறை வேறுதான், இருந்தாலும் பழைய மிச்சத்தை வைத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை. தண்ணீர் ஊற்றிக் கலக்கும் ஆன்டிபயாடிக் சிரப்பும் அப்படியே. அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் வகையைக் கலக்கிய பிறகு ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஏழு நாள்தான்.

இனி ஹைட்ரஜன் பெராக்சைடு. பெட்டியில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்தப் பழுப்பு பாட்டில்தான்.

வெளிச்சமும் சூடும் பட்டால் பெராக்சைடு தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரியும். மூடியைத் திறந்துவிட்டால் அட்டைத் தேதியை மறந்துவிடலாம், சில மாதங்களில் வீரியம் குறையத் தொடங்கும். நறுக்கிய பச்சை உருளைக்கிழங்கின் மேல் இரண்டு சொட்டு விட்டால், உயிருள்ள பெராக்சைடு சட்டென்று வெள்ளையாக நுரைக்கும். நுரையே வரவில்லை என்றால் பாட்டிலில் இருப்பது தண்ணீர். ஆனால் நுரை வந்தால் முழு வீரியம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது, கொஞ்சமாவது மிச்சம் இருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி.

விஷமான எதையாவது விழுங்கிவிட்ட நாயை வாந்தி எடுக்க வைக்கத்தான் பலர் இதை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆலோசனைகளில் வரும் அளவுகள் 3 சதவீதக் கரைசலுக்கானவை. இங்கே மருந்துக்கடையில் கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது ‘20 வால்யூம்’ பாட்டில், அதாவது 6 சதவீதம். அதே அளவைக் கொடுத்தால் வயிற்றுக்குள் போவது இரண்டு மடங்கு, இரைப்பை புண்ணாகும். பூனைக்கு எந்த அளவிலும் கொடுக்கக் கூடாது, ரத்த வாந்தி வரை போகும். நாய்க்கும், டாக்டரிடம் போனில் கேட்டு, அவர் சொன்ன அளவில்தான். மண்ணெண்ணெய், ஆசிட் போன்றவற்றைக் குடித்த நாயையும், மயங்கிக் கிடக்கும் நாயையும் வாந்தி எடுக்க வைப்பது ஆபத்து. பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கும் வாந்தி நுரையீரலுக்குள் போகும் அபாயம் அதிகம். இதற்கு மாற்றாக உப்புத் தண்ணீர் புகட்டுவது பல வீடுகளில் வழக்கம். அதை விட்டுவிட வேண்டும், உடம்பில் உப்பு ஏறி வலிப்பு வரும். காயத்தில் பெராக்சைடு ஊற்றுவதும் உதவாது. நுரையைப் பார்த்துச் சுத்தமாகிறது என்று தோன்றும், ஆறிவரும் சதையும் சேர்ந்தே அரிபடும்.

காயத்துக்கு போவிடோன் அயோடின் போதும். அது கெட்டதா என்று பார்ப்பது எளிது: அடர்ந்த பழுப்பு வெளுத்திருந்தால் அயோடின் போய்விட்டது. கழுவுவதற்குத் தண்ணீர் கலக்கும்போது பால் விடாத லேசான டீயின் நிறம் வந்தால் சரி. கலந்ததை அன்றே கொட்டிவிட வேண்டும். டெட்டாலை மனிதர்களின் அலமாரிக்கு மாற்றிவிடுங்கள். அதிலுள்ள குளோரோசைலினால் பீனால் வகை. அந்த வகையை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு, பூனையோ உடம்பில் எது பட்டாலும் நக்கிவிடும். பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய விஷமாவதும் அதே காரணத்தால்தான். காய்ச்சல் என்று அரை மாத்திரை கொடுத்து உயிர் போன பூனைகள் உண்டு. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் ஆகியவற்றை நாய்க்கும் கொடுக்கக் கூடாது. தேதி எவ்வளவு புதிதாக இருந்தாலும் இவற்றுக்குச் செல்லங்களின் பெட்டியில் இடமில்லை. காயத்தில் காபித்தூள் அப்புவதும் வேண்டாம். நக்கினால் கஃபீன் உள்ளே போகும், தையல் போடும் முன் அதைச் சுரண்டி எடுப்பதே டாக்டருக்குத் தனி வேலை.

சலைன் பாட்டில் இருந்தால் நல்லது. கண்ணில் தூசி விழுந்தால், புண்ணில் சேறு படிந்தால் கழுவ அதைவிடச் சிறந்தது இல்லை. அதில் கெடாமல் காக்கும் ரசாயனம் எதுவும் சேர்ப்பதில்லை, அதனால் உடைத்த பாட்டிலை ஒரு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. அரை லிட்டரைவிட 100 மில்லி பாட்டில்கள் இரண்டு மூன்று வாங்குவது லாபம். கண் சொட்டு மருந்துக்குத் திறந்ததிலிருந்து ஒரு மாதம், அது அதன் அட்டையிலேயே இருக்கும். பழைய சொட்டு மருந்தில் இன்னோர் ஆபத்து: ஸ்டீராய்டு கலந்ததாக இருந்து, கருவிழியில் கீறல் உள்ள கண்ணில் விட்டால் பார்வையே போகலாம்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், மாவு போல நகர வேண்டும். கட்டியாகியிருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ ஈரம் புகுந்துவிட்டது. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மட்டும்.

துணி வகைகளுக்குத் தேதியைவிடக் கண்ணும் கையும் நம்பகமானவை. காஸ் பாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். இராமபாணப் பூச்சி அரித்த ஓட்டையோ தண்ணீர்க் கறையோ இருந்தால், தேதி பாக்கி இருந்தாலும் அது கிருமி நீக்கிய காஸ் இல்லை, தரை துடைக்க ஆகும். பிளாஸ்திரிச் சுருளின் ஓரம் கோடைக்குப் பிறகு பசை கசிந்து கறுத்திருக்கும். இழுத்தால் துணி ஒரு பக்கமும் பசை ஒரு பக்கமுமாக வரும். தன்னோடு தானே ஒட்டும் கட்டு, ரப்பர் செத்து இழுத்த இடத்திலேயே அறும். க்ரீப் பேண்டேஜை இழுத்துவிட்டால் பழையபடி சுருங்க வேண்டும். கையுறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஒரு முறை போட்டுப் பாருங்கள். நாய்க்கு 101 முதல் 102.5 பாரன்ஹீட் இயல்பான சூடு. மனிதக் கணக்கில் காய்ச்சல் என்று பயப்படத் தேவையில்லை. பேட்டரி மாற்றினால் பழைய பட்டன் பேட்டரியைக் குட்டி நாயின் வாய்க்கு எட்டாமல் வைக்க வேண்டும். விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைச் சுட்டுவிடும்.

தீபாவளிக்காகச் சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பிதுக்கிப் பார்க்க வேண்டும். வெள்ளையாக இருக்க வேண்டியது கறுத்திருந்தால் வெளிச்சமோ சூடோ பட்டுக் கெட்டுப்போயிருக்கிறது. எப்படியானாலும் தீக்காயத்துக்கு முதல் வைத்தியம் குழாய்த் தண்ணீர், பத்து நிமிடத்துக்குக் குறையாமல். களிம்பு டாக்டர் பார்த்த பிறகு. தேரையைக் கவ்விய நாய்க்கும் தண்ணீர்தான்: நுரை தள்ளும் வாயைத் தலையைக் கீழே சாய்த்துப் பக்கவாட்டில் கழுவ வேண்டும், விழுங்க விடக்கூடாது. தெருநாய் கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே டாக்டரிடம் போக வேண்டும். பாம்புக்கடிக்கு மட்டும் பெட்டியில் எதையும் தேட வேண்டாம். இறுக்கிக் கட்டுவதும் கீறிவிடுவதும் நேரத்தைத் தின்னும், உடனே தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

மழைக்காலத்தில் புண்ணில் புழு வைப்பது சகஜம். டர்பென்டைன் ஊற்றும் பழைய வழக்கம் தோலை எரிக்கும், நக்கினால் உள்ளேயும் பாதிக்கும். அதற்கான ஸ்ப்ரேயை டாக்டரிடம் கேட்டு வாங்கி, டப்பாவை அடுப்புக்கு அருகில் வைக்காமல் இருந்தால் போதும். கழுத்தில் விடும் உண்ணி மருந்து உடைத்தால் அன்றே முழுதும் தீர வேண்டியது. நாய்க்கான உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தவை உண்டு. பாதி மிச்சம் என்று பூனைக்கு விட்டால் நடுக்கமும் வலிப்பும் வரும்.

வலிப்பு மருந்தோ இதய மருந்தோ தினமும் சாப்பிடும் செல்லங்கள் இருக்கும் வீட்டுக்கு ஒரு தனிச் சொல். இரண்டு வாரத்துக்கான மருந்தை ஐப்பசிக்கு முன்பே வாங்கி வையுங்கள். ஃபீனோபார்பிட்டோனைச் சீட்டு இல்லாமல் எந்தக் கடையிலும் தர மாட்டார்கள். வெள்ளத்தால் இரண்டு நாள் மருந்து தவறினாலே அடக்கி வைத்திருந்த வலிப்பு திரும்பக்கூடும். பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவமனைகளில் எது இரவிலும் மழையிலும் திறந்திருக்கும் என்று இப்போதே கேட்டு, எண்ணைப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். அதன் பக்கத்தில் நாயின் எடையும் இருக்கட்டும். போனில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

ஒதுக்கிய மருந்துகளை அப்படியே தெருத்தொட்டியில் போடாதீர்கள், அங்கே மேய்வது மாடுகளும் தெருநாய்களும்தான். அட்டையிலிருந்து மாத்திரைகளை உரித்து, சிரப்போடு சேர்த்து மண்ணிலோ காபிச் சக்கையிலோ பிசைந்து, கவரில் கட்டி, வீட்டு அபாயக் குப்பை என்று தனியாகச் சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் கொடுக்கலாம். புதிதாக வாங்கியவற்றில் திறக்கும் நாளை மார்க்கர் பேனாவால் பாட்டில் மேலேயே எழுத வேண்டும். பெட்டிக்கு இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா நல்லது. படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டில், தரையில் ஏறும் தண்ணீருக்கு மேலே, கூரையின் சூட்டுக்குக் கீழே இருக்கட்டும். அடுத்த பரிசோதனை வைகாசியில், கத்திரி முடிந்த கையோடு.