கரி பூசிய இரும்பு

கையில் அடங்கும் தொலைபேசியையும் சாலையில் ஓடும் மின்வண்டியையும் இயக்கும் லிதியம் மின்கலத்துள் இரு மின்வாய்கள் உள்ளன. மின்னேற்றுங்கால் லிதிய அயனிகள் நேர்மின்வாயைவிட்டு நீங்கி, எதிரேயுள்ள கரிவாயிற் சென்று தங்கும்; மின்னைச் செலவிடுங்கால் பழைய இடத்திற்கே மீளும். ஆதலின் நேர்மின்வாய்ப் பொருளானது, பன்முறை குடிபோய்க் குடிவந்தாலும் இடிந்து விழாத வீடு போன்றிருத்தல் வேண்டும்.

அத்தகைய வீடொன்றை 1980-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் என்னும் அறிஞரும் ஜப்பானியரான மிசுஷிமா முதலியோரும் அமைத்துக் காட்டினர். லிதியம் கார்பனேட்டையும் கோபால்ட்டுக் கார்பனேட்டையும் கலந்து, ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் காற்றுப்படச் சுட்டால் கரிய தூளொன்று கிடைக்கும். அதுவே லிதியம் கோபால்ட்டு ஆக்சைடு. அதற்குமுன் விட்டிங்காம் என்பார் டைட்டேனியம் சல்பைடு கொண்டு செய்த கலம் இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மிகுதியாக அளித்தது; இதுவோ நான்கு வோல்ட்டை எட்டியது.

ஆயினும் கோபால்ட்டு விலை மிக்கது. அன்றியும், அளவுமீறி மின்னேற்றிச் சூடேறின், இந்த ஆக்சைடு தன் பிராணவாயுவை வெளிவிடும். அருகிலோ எரியத்தக்க நீர்மம் உண்டு. எரிபொருளும் அதனை எரிக்கும் வாயுவும் ஒரே பேழையுள் அடைபட்டிருத்தல் எத்துணைக் கேடு!

இக்குறை நீங்க, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃப், அட்சய பாதி, நஞ்சுண்டசாமி ஆகியோர் மலிவான இரும்பை நாடினர். 1997-இல் அவர்கள் வெளியிட்ட லிதியம் இரும்புப் பாஸ்பேட்டில், பாஸ்பரஸ் பிராணவாயுவை இறுகப் பற்றியிருத்தலின் தீயச்சம் பெரிதும் குறைந்தது. மின்னழுத்தம் 3.4 வோல்ட்டே; அது பொறுக்கத்தக்கதே. பொறுக்கவியலாத குறை வேறொன்று. அப்பொருளில் மின்சாரம் பாய்வது மிக அரிது. மெல்ல மெல்ல மின்னேற்றியபோதும், உள்ளிருந்த லிதியத்தில் பத்தில் ஆறு பங்கே வெளிவந்தது.

தீர்வு சர்க்கரையில் இருந்தது! தூளை மிக நுண்ணியதாக்கிச் சர்க்கரையுடன் கலந்து, காற்றை விலக்கி, நைட்ரஜன் சூழலில் ஏறத்தாழ 700 பாகை வரை சூடாக்கினர். அடுப்பில் மறந்துவிட்ட பாகு கருகிப் பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளுமன்றோ? அவ்வாறே சர்க்கரை கரியாகி ஒவ்வொரு துகளையும் போர்த்தது. அக்கரி மின்சாரம் செல்ல வழியாயிற்று. துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் பெருகாமலும் தடுத்தது. காற்றுப்பட்டிருந்தால் இரும்பு உருமாறிக் கெட்டிருக்கும். கரியும் எரிந்து போயிருக்கும்.

இன்று மின்பேருந்துகள் பலவற்றில் இக்கரிபூசிய தூளே பணிபுரிகின்றது. விட்டிங்காம், யோஷினோ இருவருடனும் 2019-இல் நோபெல் பரிசு பெற்றபோது குட்இனஃபுக்கு அகவை 97. அப்போதும் அவர் புதிய மின்கலப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.