ஆபீஸ் டெஸ்க்குக்குச் செடி வாங்கப் போறீங்களா? விலைக்கு முன்னாடி இந்த 3 கேள்வி!



ஆர்ட்டிகிள்ஷிப்ல இருந்தப்போ, மேசை மேல வைக்க 650 ரூபாய்க்கு ஒரு போன்சாய் வாங்கினேன். ஆடிட்டுக்காக பத்து நாள் வெளியூர் போய்ட்டு வந்தா, இலை எல்லாம் கொட்டிக் கிடந்தது. அடுத்து 250 ரூபாய்க்கு ஒரு ரோஜா. ஏசி ரூம்ல வெயிலே படாம அதுவும் ஒரே மாசத்துல காலி. மொத்தம் 900 ரூபாய். அன்னைக்கு என் ஸ்டைபெண்டில் கிட்டத்தட்ட பாதி!

தப்பு செடி மேல இல்லை. வாங்கும் விலையை மட்டும் பார்த்தேன், பராமரிப்பைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அதனால வாங்கும் முன் கேளுங்க:

1. என் மேசைக்கு ஜன்னல் வெளிச்சம் வருமா?
2. நான் தொடர்ந்து எத்தனை நாள் ஆபீஸ் வராம இருப்பேன்?
3. செடி போயிட்டா, மறுபடி வாங்க எவ்வளவு ஆகும்?

இதுக்கு ஒத்துவர்ற மூன்று செடிகள்:

மணி பிளான்ட்: செலவு பூஜ்யம். நண்பர் வீட்டுக் கொடியில் ஒரு கணு இருக்கிற மாதிரி வெட்டி, தண்ணீர் பாட்டிலில் போடுங்க. சில வாரத்தில் வேர் விடும். வாரம் ஒருமுறை தண்ணீரை மாத்தினா போதும்.

ஸ்நேக் பிளான்ட்: தடித்த இலையில் தண்ணீரைச் சேமிச்சு வெச்சுக்கும். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஊத்தினா போதும். வெளிச்சம் குறைவா இருந்தாலும் தாங்கும்.

இசட்இசட் பிளான்ட்: மண்ணுக்குள்ள கிழங்கு மாதிரி இருக்கிற பகுதிதான் இதோட எமர்ஜென்சி ஃபண்ட். அடிக்கடி டூர் போறவங்களுக்கு ஏத்தது. ஆனா மெதுவாத்தான் வளரும்.

மண்ணில் வைக்கிற செடிகள் பெரும்பாலும் சாகிறது தண்ணீர் அதிகமாகித்தான். ஒரு இன்ச் ஆழம் விரலை விட்டுப் பாருங்க. ஈரம் இருந்தா ஊத்தாதீங்க. தொட்டிக்கு அடியில் ஓட்டை கட்டாயம்.

"காற்றைச் சுத்தம் செய்யும்"னு சொல்லி விலை ஏத்தினா கொடுக்காதீங்க. 1989-ல் வந்த நாசா ஆய்வு, மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தது. காற்று வந்து போகிற ஆபீஸில் ஒரு தொட்டிச் செடியால் பெருசா எதுவும் மாறாது.

ஒரு எச்சரிக்கை: வீட்டுக்கு எடுத்துப் போனா, குழந்தை, பூனை, நாய் வாயில் வைக்காம பார்த்துக்கோங்க. மூணுமே கடிச்சா ஒத்துக்காது.

கடைசியா ஒன்று. வருஷ ஜிம் மெம்பர்ஷிப், கட்ட முடியாத இன்சூரன்ஸ் பிரீமியம், என் போன்சாய், மூணும் ஒரே கதைதான். நாம எப்படி இருக்கணும்னு ஆசைப்படுறோமோ அதை நினைச்சு வாங்கினோம். நிஜத்துல எப்படி இருக்கோம்னு பார்க்கலை. பணம் அங்கதான் போகுது.

இப்போ என் மேசையில் இருக்கிறது ஓசியில் வந்த மணி பிளான்ட். பணம் கொண்டு வரலை. ஆனா செலவும் வைக்கலை!