செகண்ட் ஹேண்டில் சின்ன கார்: விலை 3 லட்சம், உங்க பாக்கெட்டுக்கு மாசம் எவ்வளவு?

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆனதும் நம்மில் நிறைய பேருக்கு வருகிற ஆசை, ஒரு சின்ன கார். மழையில் பைக்கில் நனைய வேண்டாம், அம்மா அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலாம், ஊருக்குப் போக பஸ் டிக்கெட் தேட வேண்டாம். ஆசையில் தப்பே இல்லை. ஆனா அந்த கார் உங்க சேமிப்பைத் தின்னுடாமல் இருக்கணும். அதுக்கு என்ன பார்க்கணும்னு இந்தப் பதிவில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வீடியோவில் வேகமாகச் சொன்ன கணக்குகளை இங்கே நிதானமாகப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு பேனாவும் பேப்பரும் எடுத்துக்கோங்க.

1. முதலில் கணக்கு, அப்புறம்தான் கார்

கையில் வரும் சம்பளம் 45,000 ரூபாய்னு வச்சுக்குவோம். கார் விலை 3 லட்சம். பாதிப் பணம் கையில் இருக்கு, மீதி 1.5 லட்சத்துக்கு லோன். பழைய காருக்கான லோனில் வட்டி, புது காரை விட பொதுவாக அதிகம். 14% வட்டி, 24 மாதம்னு எடுத்தா இஎம்ஐ சுமார் 7,200 ரூபாய். "7,200 தானே, சமாளிச்சிடலாம்"னு தோணும். ஆனா இஎம்ஐ மட்டும் செலவு இல்லையே.

மாசம் 800 கிலோமீட்டர் ஓட்டுறீங்க. ஊருக்குள்ள டிராஃபிக்கில் லிட்டருக்கு 16 கிடைக்குதுன்னா 50 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 100 ரூபாய்னு வச்சா 5,000. இன்சூரன்ஸுக்கு மாசக் கணக்கில் 700. சர்வீஸ், டயர், பேட்டரிக்கு ஒதுக்க 1,500. பார்க்கிங், டோல் 500. மொத்தம் 7,700. இஎம்ஐயையும் சேர்த்தா 14,900. அதாவது சம்பளத்தில் மூணில் ஒரு பங்கு காருக்கே போயிடும்! வாடகை, வீட்டுக்கு அனுப்பும் பணம், எஸ்ஐபி எல்லாம் மீதியில்தான் நடக்கணும்.

என்னுடைய பரிந்துரை: இஎம்ஐ, பெட்ரோல், பராமரிப்பு எல்லாம் சேர்த்து கையில் வரும் சம்பளத்தில் 25 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 45,000-க்கு அது 11,250. அப்படின்னா 75,000 ரூபாய் லோன், 24 மாதம், இஎம்ஐ சுமார் 3,600. இதுதான் உங்க எல்லை.

இப்போ ஒரு சின்ன வேலை செய்யுங்க. கார் வாங்குறதுக்கு முன்னாடியே 6 மாசம், மாசாமாசம் 11,300 ரூபாயைத் தனி அக்கவுண்டில் போடுங்க. கார் இருக்கிற மாதிரியே நினைச்சுக்கோங்க. ரெண்டு பலன் உண்டு. மூணாவது மாசமே அந்தப் பணத்தை எடுக்க வேண்டி வந்தா, கார் உங்களுக்கு இப்போதைக்குத் தாங்காது என்பது ஒரு பைசா நஷ்டம் இல்லாமல் தெரிஞ்சுடும். தாக்குப் பிடிச்சா 67,800 ரூபாய் சேர்ந்திருக்கும். அந்த 75,000 லோனே கிட்டத்தட்ட தேவைப்படாது.

ஒரு எச்சரிக்கை: அவசரகால நிதியை எடுத்து கார் வாங்காதீங்க. வேலை போனா கார் சோறு போடாது.

2. "9% வட்டி மட்டும்தான் சார்!"

பழைய கார் விற்கும் இடத்தில் இந்த வார்த்தையைக் கேட்டா உடனே ஒரு கேள்வி கேளுங்க: "ஃபிளாட் ரேட்டா, ரெட்யூசிங்கா?" ஃபிளாட் ரேட்டில், நீங்க அசலைக் கட்டிக் கட்டிக் குறைச்சாலும், முதல் நாள் வாங்கின முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி போடுவாங்க. 3 லட்சம், 3 வருஷம், 9% ஃபிளாட்னா வட்டி 81,000. இஎம்ஐ 10,583. இதையே ரெட்யூசிங் முறையில் கணக்குப் போட்டா உண்மையான வட்டி 16 சதவீதத்தைத் தாண்டும். 14% ரெட்யூசிங் லோனே இதை விட மலிவு; அதில் வட்டி சுமார் 69,000-தான் வரும். சதவீதத்தைப் பார்க்காதீங்க, மொத்தம் எவ்வளவு கட்டப் போறோம்னு பாருங்க. பிராசஸிங் ஃபீஸ், முன்கூட்டியே அடைச்சா அபராதம் உண்டான்னும் கேட்டுக்கோங்க.

3. எந்த வருஷ மாடல்?

இதில் விலையோட உயிரும் சம்பந்தப்பட்டிருக்கு. 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் பிரேக் கட்டாயம் ஆச்சு. 2019 ஜூலை 1 முதல் தயாரான கார்களில் டிரைவர் ஏர்பேக் கட்டாயம். பக்கத்து சீட்டுக்கும் ஏர்பேக் எல்லா மாடல்களிலும் கட்டாயமானது 2021 முடிந்த பிறகுதான். 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்6 விதி. அதனால் 2019 ஜூலைக்கு அப்புறம் தயாரான கார்களில் தேட ஆரம்பிங்க. பதிவு தேதியைப் பார்க்காதீங்க, ஆர்சியில் இருக்கும் தயாரிப்பு மாதத்தைப் பாருங்க. ரெண்டு ஏர்பேக் இருக்கிற வேரியன்ட் 15,000, 20,000 கூடுதலா இருந்தாலும் அதையே எடுங்க.

மாடல்னு வந்தா மாருதி வேகன் ஆர், செலெரியோ, ஆல்ட்டோ, ஹூண்டாய் சான்ட்ரோ, கிராண்ட் ஐ10, டாடா டியாகோ, ரெனோ க்விட் இவைதான் இந்த பட்ஜெட்டில் அதிகம் கிடைக்கும். மாருதிக்கும் ஹூண்டாய்க்கும் பெரிய பலம், சின்ன ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார், உதிரி பாகம் கிடைக்கும், திரும்ப விற்கும்போது விலையும் நிற்கும். பாதுகாப்பைப் பார்த்தா டியாகோ 2020-ல் குளோபல் என்கேப் சோதனையில் 4 நட்சத்திரம் வாங்கியது. வேகன் ஆர் 2023 சோதனையில் 1 நட்சத்திரம்தான். அடிக்கடி ஹைவேயில் போறவங்க இதை யோசிக்கணும். மாசம் 800 கிலோமீட்டர் ஓட்டுறவங்களுக்கு டீசல் தேவையே இல்லை, பெட்ரோல் போதும்.

4. காரைப் பார்க்கப் போகும்போது

பகல் வெளிச்சத்தில் போங்க. மழையிலும் இருட்டிலும் பெயிண்ட் குறை தெரியாது. "வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க"ன்னு சொல்லிடுங்க. பானெட்டில் கை வச்சுப் பாருங்க. சூடா இருந்தா குளிர்ந்த இன்ஜினில் வரும் பிரச்சினையை மறைக்கிறாங்களோன்னு சந்தேகப்படலாம்.

- புகை: நீலமா வந்தா இன்ஜின் ஆயில் எரியுது. வெள்ளைப் புகை நிற்காமல் அடர்த்தியா வந்தா கூலன்ட் உள்ளே போகுது. ஆயில் மூடியைத் திறந்து பாருங்க; பால் மாதிரி கசடு இருந்தா அந்த காரை விட்டுடுங்க.
- ஏர்பேக் லைட்: சாவியைத் திருப்பியதும் எரிஞ்சு சில விநாடியில் அணையணும். எரியவே இல்லைன்னா லைட்டையே கழட்டி விட்டிருக்கலாம்.
- டயர்: பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019-ம் வருஷம் 32-வது வாரம் தயாரானது. பட்டன் நல்லா இருந்தாலும் ஆறேழு வருஷ ரப்பர் என்றால் மாத்தணும். நாலு டயருக்கு சுமார் 15,000 ரூபாயை விலையில் குறைக்கச் சொல்லுங்க.
- ஓடிய கிலோமீட்டர்: மீட்டர் 30,000 காட்டுது, பிரேக் பெடல் ரப்பர் வழுவழுன்னு தேஞ்சிருக்குன்னா இடிக்குது. கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டைக் கேளுங்க. ஒவ்வொரு சர்வீஸிலும் கிலோமீட்டர் பதிவாகி இருக்கும்.
- வெள்ளத்தில் மூழ்கிய கார்: 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம். அப்போ தண்ணியில் நின்ற கார்கள் இன்னும் ரோட்டில் ஓடுது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்க, சேற்றுக் கறை தெரியும். மிதியடியைத் தூக்கி தரையை மோந்து பாருங்க. சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட் துருப்பிடிச்சிருக்கான்னு பாருங்க.

இத்தனையும் பார்த்த பிறகும், விற்கிறவருக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கை நம்பாமல், உங்க மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. அவருக்குக் கொடுக்கும் ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய்தான் இந்த மொத்த டீலில் ரொம்ப லாபமான செலவு.

5. பேப்பர் சரியில்லைன்னா கார் உங்களுது இல்லை

இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் ரெண்டும் ஆர்சியில் இருப்பதோடு ஒத்துப் போகுதான்னு பாருங்க. எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு விவரம் பாருங்க. இ-சலான் பாக்கியும் சரிபார்க்கலாம். ஆர்சியில் வங்கி பேர் இருந்தா, வங்கியின் என்ஓசியும் படிவம் 35-ம் வேணும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்கிறவர் கையெழுத்து வாங்காமல் முழுப் பணம் கொடுக்காதீங்க.

"அப்புறமா மாத்திக்கலாம் தம்பி"ன்னு சொன்னா ஒத்துக்காதீங்க. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்கணும். இன்சூரன்ஸை உங்க பேருக்கு மாத்த 14 நாள். மாத்தாமல் விட்டு கார் இடிச்சா, உங்க கார் சேதத்துக்கான க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். ரிப்பேர் செலவு முழுசும் உங்க கையிலிருந்து போகும். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது அவருக்குச் சொந்தம். அதனால் பாலிசியை மாத்தும்போது அந்தத் தள்ளுபடித் தொகையை நீங்க கட்ட வேண்டி வரும். பட்ஜெட்டில் சேர்த்துக்கோங்க.

விற்கிறவருக்கும் இதில் பயம் உண்டு. ஆர்சியில் யார் பேர் இருக்கோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்புன்னு உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கு. இதை எடுத்துச் சொன்னா அவரே ஆர்டிஓ ஆபீஸுக்கு முன்னாடி வந்து நிப்பார்.

வெளிமாநில வண்டி விலை குறைவா இருக்கும். ஆனா என்ஓசி, மறுபதிவு, தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி எல்லாம் சேர்த்தா மலிவு காணாமல் போயிடும். கூட்டிப் பார்த்துட்டு முடிவெடுங்க.

6. பேரம் பேசும் நாளில்

இன்சூரன்ஸ் பாலிசியில் ஐடிவி என்று ஒரு தொகை இருக்கும். அது காரின் இன்றைய மதிப்புக்கு ஒரு அளவுகோல். கேட்கும் விலை அதை விட ரொம்ப மேலே இருந்தா காரணம் கேளுங்க. மெக்கானிக் சொன்ன வேலைகளை ஒரு பேப்பரில் விலையோடு எழுதி முன்னாடி வைங்க. "கொஞ்சம் குறைங்க"ன்னு கெஞ்சுவதை விட அந்தப் பேப்பர் நல்லா பேசும்.

அட்வான்ஸ் சின்னதா, ரசீதோட. மீதி பேங்க் டிரான்ஸ்ஃபர். வண்டி எடுக்கும்போது தேதி, நேரம் போட்டு டெலிவரி நோட் வாங்குங்க. அதுக்கு முந்தின சலான் எல்லாம் அவர் கணக்கு. ரெண்டாவது சாவியையும் மறக்காதீங்க. விலை பேசி முடிச்ச பிறகும் 25,000 ரூபாய் தனியா இருக்கட்டும். முதல் சர்வீஸ், பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் எல்லாம் முதல் மாசத்திலேயே கேட்கும்.

ஒரு கார் கை விட்டுப் போச்சேன்னு வருத்தப்படாதீங்க நண்பர்களே. அதே மாடல், அதே வருஷம், அடுத்த வாரமும் விற்பனைக்கு வரும். இந்த மாச சம்பளம் வந்ததும் அந்த 11,300 ரூபாய் சோதனையைத் தொடங்குங்க. உங்க சம்பளத்துக்கு எல்லை எவ்வளவு வருதுன்னு கணக்குப் போட்டு கமெண்டில் எழுதுங்க, சேர்ந்து சரிபார்க்கலாம்.